ஒன்றும் ஆகாத நாள்

முந்தாநாள் பகல் சோற்றுப் பொதியைப் பிரித்து முதல் பிடியை வாயில் வைக்கப்போனபோது அந்த வாடை வந்தது. பச்சைக் கொழுந்து, வியர்வை, கூடவே ஈரச் சுண்ணாம்பு. இந்த மூன்றும் சேர்ந்து அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மலையில் குளவி கலைந்திருக்கிறது. கொட்டின இடமெல்லாம் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், கொழுந்து பறிக்கிற பெண்கள் வந்து இறங்குகிறார்கள்.

சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். எழும்போதே உன் குரல் காதில் விழுந்தது. "புள்ள, கத்துறவள வுட்டுட்டு கத்தாதவளப் பாரு." நீ மவுத்தாகி நாற்பதாம் நாள் கத்தமும் ஓதியாகிவிட்டது. இன்னும் அதிகாரம் பண்ணுகிறாய்.

போன மாதம் ஆஸ்பத்திரி மண்டபத்தில் உனக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை, அதில் உன் படம், கீழே 'வெள்ளுடைத் தேவதை' என்று கொட்டை எழுத்து. பார்த்திருந்தால் நீ கதிரையைத் தூக்கி எறிந்திருப்பாய். வந்தவர்கள் எல்லாரும் உன் பொறுமையைப் பற்றிப் பேசினார்கள், புன்னகையைப் பற்றிப் பேசினார்கள். நீ ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை என்று ஒருவர் சொன்னபோது, உன்னிடம் வருஷக்கணக்காக ஏச்சு வாங்கிய அட்டெண்டன்ட் பின்வரிசையிலிருந்து பலமாக இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தேவதைக்குக் கால் வீங்காது, பசிக்காது, தண்டனை இடமாற்றமும் கிடையாது. ஒரு மனுஷியைத் தேவதையாக்கிவிட்டால், அவளுக்குச் செய்ததற்கெல்லாம் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை பார்.

நீயும் நானும் ஒரே நாளில் தாதியர் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள். உன் வாப்பாவுக்கு மாத்தளை டவுனில் வாசனைச் சரக்குக் கடை. நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள். தமிழ் பேசுகிறவர்கள் என்று இரண்டு பேரையும் விடுதியில் ஒரே அறைக்குள் போட்டார்கள். உன் தமிழ் எனக்குச் சிரிப்பு, என் தமிழ் உனக்குச் சிரிப்பு. நீ பெட்டியைத் திறந்தால் அறை முழுக்கக் கராம்பு மணக்கும். கண்டவனுடைய காயத்தைக் கழுவவா உன்னைப் படிப்பித்தேன் என்று வாப்பா ஏசியதையும், "யாராச்சும் கழுவத்தானே வேணும் வாப்பா" என்று நீ திருப்பிச் சொன்னதையும் முதல் வாரமே என்னிடம் நடித்துக் காட்டினாய். வாப்பாவின் மீசையைத் தடவுகிற பாவனையோடு.

அதற்குப் பிறகு நாம் சேர்ந்து வேலை செய்த காலம்தான் என் வாழ்க்கையில் பெரும் பகுதி. நான் சோற்றுப் பொதியின் நூலை அவிழ்ப்பதற்குள் நீ சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருப்பாய். "நீ திண்டு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேர் மவுத்தாயிருவான்" என்று என் தலையில் தட்டுவாய்.

நீ வேலை செய்த விதத்தை அந்த மேடையில் யாரும் சொல்லவில்லை. லொறியோ பஸ்ஸோ வாசலில் வந்து நின்றால், ட்ரொலி வரும்வரை காத்திருக்க மாட்டாய். வெள்ளைச் சீருடையோடு டயரில் கால் வைத்து ஏறிவிடுவாய். முன்னால் நின்று அலறுகிறவர்களைத் தாண்டிப் போய், மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பவளின் தாடையைப் பிடித்து நிமிர்த்துவாய். கத்துகிறவளுக்கு மூச்சு இருக்கிறது, கத்தாதவளுக்கு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்பது உன் கணக்கு.

தோட்டத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எங்கே வலிக்கிறது என்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க மிஸ்ஸி, சொகமாத்தான் இருக்கேன், அவளப் பாருங்க மொதல்ல" என்பார்கள். உதடு வீங்கிப் போயிருக்கும், நாடி தெறித்து ஓடிக்கொண்டிருக்கும், வாய் மட்டும் சுகம் என்று சொல்லும். தொரைக்கும் கங்காணிக்கும் தலைமுறையாகச் சொல்லிப் பழகிய பதில் அது. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது பணிவாகத் தெரிந்தது. உனக்கோ நோயின் குறியாகத் தெரிந்தது. "ஒண்டுமில்லண்டு சொல்றவளத்தான் நான் மொதல்ல பாக்குற" என்பாய்.

கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். நீ காப்பாற்றிய ஓர் உயிரைப் பற்றிச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று ஏற்பாட்டாளர் காதோரம் சொல்லிவிட்டுப் போனார். அப்படிச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ரிவர்ஸ்டன் பாதையில் மூடுபனிக்குள் வேன் உருண்டு காயத்தோடு வந்த பிள்ளைகளைச் சொல்லியிருக்கலாம். நான் அதையெல்லாம் விட்டுவிட்டு லொறிச் சாவியைப் பற்றிச் சொன்னேன். உனக்குத் தெரிந்த கதையை உனக்கே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். மற்றவர்கள் அதை மாற்றிச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை சரியாக எழுதி வைக்க வேண்டும்.

அன்றைக்கும் இப்படித்தான், பகலில், ஏழு பெண்களை லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள். டொக்டர் ஊசி போட்டார், நாம் ஓடினோம், வீக்கம் வற்றியது, மூச்சு சீரானது. பின்னேரம் ஏழு பேரும் வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார்கள். குளவி விஷத்தின் கள்ளத்தனம் அங்கேதான் இருக்கிறது. அடங்கிவிட்டதுபோலக் காட்டிவிட்டு, பல மணி நேரம் கழித்து, ஆள் வீட்டில் படுத்திருக்கும்போது திரும்பி வந்து தொண்டையை அடைக்கும். எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டி ஒருவராலும் சொல்ல முடியாது. அதனால் மறுநாள் காலைவரை ஏழு பேரையும் வைத்துப் பார்க்கும்படி டொக்டர் எழுதினார்.

மறுநாள் காலையில்தான் தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம். ஏழு பேரில் நான்கு பேர் கையில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை தோட்டத்துக்கு வெளியே இராத் தங்கக் கூடாது. தங்கினால் நேர்த்திக்கடன் போய்விடும். அவர்களில் மூத்தவள் லெட்சுமி அக்கா, மகன் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்காகப் பால்குடம் நேர்ந்துகொண்டவள். கொழுந்து ஏற்ற வேண்டும் என்று லொறியைத் திருப்பிக் கொண்டுபோகத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்து சேர்ந்தபோது, அவள்தான் முதலில் எழுந்து போய் ஏறினாள். மற்றவர்கள் பின்னால் ஏறினார்கள். கணக்கப்பிள்ளையும் கெட்டவர் அல்ல. பெண்கள் கேட்டார்கள், ஏற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

நீ லொறியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாய். நீ கெஞ்சி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"மிஸ்ஸி, ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காதுங்க," என்றாள் லெட்சுமி அக்கா. "கையில காப்பு இருக்கு. ஆத்தா கோவிச்சிக்கிட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"ஒங்கட ஆத்தா பொறுத்துக்குவா. குளவி வெசம் பொறுக்காது," என்றாய் நீ.

சாரதி என்ஜினைப் போட்டான். நீ விறுவிறுவென்று முன்பக்கம் போனாய். திறந்திருந்த ஜன்னலுக்குள் கையை விட்டாய், சாவியைத் திருகி உருவினாய், சீருடைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். "பொம்புளையள் எறங்கட்டும், சாவி தாரன்" என்றாய். கணக்கப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றார். வேறு சாவி கிடைத்து லொறி கிளம்பிவிடுமோ என்று எனக்கு ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. நான் போய் லொறிக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

அவர்கள் ஒவ்வொருத்தியாக, நம் இருவரையும் ஏழு தலைமுறைக்கும் சேர்த்து ஏசிக்கொண்டே இறங்கினார்கள். நீ சாவியைக் கொடுத்தாய். லொறி வெறுமையாகப் போனது. அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்கம் பஸ் கிடையாது. காலையில் ஏழு பேருக்கும் பிரஷர் பார்த்தோம், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டோம். ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. லெட்சுமி அக்கா மணிக்கட்டிலிருந்த காப்பைத் தொட்டுத் தொட்டு அழுதாள். போகும்போது உன் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். டவுனில் இப்படி ஒன்றுக்காகவே காத்திருக்கிற சிலர் உண்டே, அவர்கள் அதை முடிய விடவில்லை. வேறு மதத்துத் தாதி ஒருத்தி வேண்டுமென்றே அம்மன் நேர்த்தியைக் கெடுத்தாள் என்று முறைப்பாடு போனது. அதை எழுதியது அந்தப் பெண்கள் அல்ல, கணக்கப்பிள்ளையும் அல்ல. எழுதியவர்களில் ஒருவனாவது அதுவரை அந்தத் தோட்டத்துப் பக்கம் கால் வைத்திருக்க மாட்டான். ஆனால் விசாரணை வந்தது.

விசாரித்தவர் சிங்களத்தில், மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். அன்றைய இரவில் யாருக்காவது நோய் திரும்பியதா? இல்லை என்றாய். ஒருவருக்குமா? ஒருவருக்கும் இல்லை. அப்படியென்றால் அவர்களைத் தடுத்து வைத்ததற்கு என்ன அவசியம்? நீ உள்ளே சிங்களத்தில் சொன்ன பதிலை, வெளியே வந்து மரத்தடியில் நின்று, கோபம் அடங்காமல் எனக்குத் தமிழில் இன்னொரு முறை சொன்னாய். "ஒண்டும் ஆகாம ஈக்கத்தானே நான் வச்ச? ஒண்டும் ஆகல்ல. இதுல நான் எனத்துக்கு மன்னிப்புக் கேக்கணும்?"

நானும் உள்ளே போய்ச் சொன்னேன். காப்புக் கட்டுகிற வீட்டில் பிறந்தவள் நான், லொறிக்கு முன்னால் நின்றவளும் நான், அப்படியானால் நானும் அம்மனுக்கு எதிரியா என்று கேட்டேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சொன்னதை எழுதிக்கொள்ளவில்லை.

இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தால் போதும், விட்டுவிடுகிறோம் என்று நல்லவர்கள் பலர் உன்னிடம் வந்து சொன்னார்கள். நீ எழுதவில்லை. தம்புள்ளைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு உன்னைத் தூக்கிப் போட்டார்கள். அன்றிரவு ஏழு பேரில் ஒருத்திக்குத் தொண்டை அடைத்திருந்தால் நீ பத்திரிகையில் படத்தோடு வந்திருப்பாய். ஒருத்திக்கும் அடைக்காததால் குற்றவாளி ஆனாய். நம் தொழிலில் நன்றாகச் செய்த வேலைக்குச் சாட்சி இருக்காது. கெட்டுப்போன வேலைக்குத்தான் ஊரெல்லாம் சாட்சி.

தம்புள்ளையிலும் நீ சும்மா இருக்கவில்லை. மரக்கறிச் சந்தைக்கு வருகிற லொறிகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் ஊர். உனக்கு வேலைக்குக் குறைவே இல்லை. பெட்ரோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில், லீவு நாளில் மரக்கறி லொறியில் முட்டைக்கோவா மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மாத்தளைக்கு வருவாய். வந்து இறங்கும்போது உன் தலையில் கோவா இலை ஒட்டியிருக்கும். நம்மோடு படித்தவர்கள் பாதிப் பேர் அப்போது வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நீயும் போகலாமே என்று நான்தான் கேட்டேன். "அங்க லொறியில ஏறி ஆளப் பாக்க வுடுவானுவளா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டாய்.

பிறகு உன்னை மாத்தளைக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆள் போதாமல் போனதால் அனுப்பினார்களே தவிர, உனக்குச் செய்தது தவறு என்று யாரும் சொல்லவில்லை. நீயும் எதிர்பார்க்கவில்லை. வந்த முதல் நாளே அட்டெண்டன்டை ஏசினாய், ட்ரொலிச் சில்லுக்கு எண்ணெய் போடவில்லை என்று.

உன் கடைசி மாதங்களைப் பற்றியும் அந்த மேடையில் பொய் சொன்னார்கள். புற்றுநோயின் வேதனையை நீ புன்னகையோடு தாங்கினாயாம். கதிரையில் உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்துவிட்டேன். நீ தாங்கவில்லை. வலி வந்தபோது வாட்டே அதிரக் கத்தினாய். மருந்து கொடுக்கிற நேரம் தாண்டினால் மணிக்கூட்டைக் காட்டிக் காட்டிச் சண்டை பிடித்தாய். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்ன உன் கூடப்பிறந்த ராத்தாவிடம், "நான் எனத்துக்குப் பொறுக்கணும்? வலிக்கிது. வலிக்கிதுண்டு நான் சொல்ற" என்றாய். ராத்தாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஒன்றுமில்லை என்று ஒரு தடவைகூட நீ சொல்லவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன், நீ என்னையும் ஏசினாய். உயிர் போன பிறகு ராத்தா வீட்டில் உன் முகத்தைப் பார்த்தேன். அந்த வாய் மூடியிருந்ததை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இவ்வளவையும் நான் ஒலிவாங்கி முன்னால் சொல்லி முடித்தபோது மண்டபத்தில் யாருக்கும் எங்கே கைதட்டுவதென்று தெரியவில்லை. லெட்சுமி அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அவள் வரவில்லை. அவளுக்கு இன்றும் மனம் ஆறவில்லை. பறிபோனது அவளுடைய நேர்த்தி, அந்தக் கோபத்துக்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. நீ செய்தது சரி என்று நான் சொல்வதற்கு அவள் வந்து தலையாட்ட வேண்டியதும் இல்லை.

முந்தாநாளுக்கு வருகிறேன். நான்கு பேர் வந்தார்கள். பின்னால் பேசாமல் நின்றவள் பெயர் சாந்தி. "ஒண்ணுமில்லைங்க மிஸ்ஸி" என்றாள். அவளைத்தான் முதலில் பிடித்துப் படுக்கவைத்தேன், பிரஷர் அதலபாதாளத்தில் கிடந்தது. டொக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். ஊசி ஏறியது, ஆள் தேறினாள். காலைவரை நான்கு பேரும் இருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். மூன்று பேர் சரி என்றார்கள். சாந்தி மட்டும் பின்னேரம் மெதுவாக எழுந்து போய், யாரோ கூப்பிட்டு வைத்திருந்த ஆட்டோவில் ஏறிவிட்டாள். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிற மகன் அன்றிரவு வருகிறானாம். பொங்கலுக்குப் பிறகு இப்போதுதான் வருகிறான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் திரும்பிப் போக வேண்டுமாம்.

நான் வாசலுக்கு ஓடினேன். விளக்கினேன். கேட்டுக்கொண்டாள், இறங்கவில்லை. எனக்கு உன்னைப்போல எட்டிச் சாவி உருவுகிற வேகம் இல்லை. என்னிடம் இருப்பது என் எடைதான். ஆட்டோவுக்குள் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்டோ ஒரு பக்கம் சாய்ந்தது. நீ போனால் நானும் வருகிறேன், இரவு முழுக்க உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன், வீட்டில் சோறு இருக்கிறதா என்று கேட்டேன். ஆட்டோக்காரன் சிரித்துவிட்டு என்ஜினை நிறுத்தினான். சாந்தி சிரிக்கவில்லை.

பெரிய டொக்டர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், வயதில் எனக்கு மிக இளையவர். "சிஸ்டர், இப்படிச் செய்யப் போகாதீங்க. முறைப்பாடு வந்தா என்னால ஒங்களக் காப்பாத்த ஏலாது" என்றார்.

"காப்பாத்த வேணாம் சேர்," என்றேன். "வந்தா எம் பேர எழுதுங்க. கேக்கறவங்களுக்கு நானே சொல்லிக்கிறேன்."

சாந்தி இறங்கினாள். மகன் இரவு வந்து, பூட்டிய வீட்டுக்கு முன்னால் நின்று, பக்கத்து லயத்தில் படுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களை விடுகிற நேரத்துக்கு முன்பே கொழும்புக்குப் போய்விட்டான். தாயும் மகனும் போனில் பேசிக்கொண்டார்கள். அவள் அழுதாள். ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் வைத்துப் பார்க்காமல் விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று யாராவது சொன்னால், என்னிடம் சாட்சி கிடையாது. சாட்சி இல்லாமலேதான் நாளைக்கும் செய்வேன்.

நேற்றுக் காலை நான்கு பேரையும் அனுப்பினோம். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே போனேன். சாந்தி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள். "எம் புள்ள மொகத்தப் பாக்க வுடல்லையே, நீ நல்லா இருப்பியா, ஒனக்கெல்லாம் புள்ளகுட்டி இருக்கா இல்லையா, மிஸ்ஸியாம் மிஸ்ஸி, ஆட்டோவுக்குள்ள வந்து எரும மாதிரி குந்திக்கிட்டு வழிய மறிச்சியே, ஒனக்கு வேற வேலையே இல்லையா" என்று இடைவெளி விடாமல் அடுக்கினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் கிளம்பி இரத்தோட்டைப் பாதையில் திரும்பும்வரை ஏசிக்கொண்டே போனாள். நான் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டேன். எவ்வளவு நீளமான ஏச்சு தெரியுமா! ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் மூச்சு ஓரிடத்திலும் இடறவில்லை.